எவ்வளவு தப்பு செய்யலாம்?

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவு. மாதத்தில் பாதி நாள் ஆஜி, மேட்டோடா, ஷாப்பர் என்று தொழிற்பேட்டைகளில்தான் சுற்றல். லேத் பட்டறை, காஸ்டிங், டீசல் எஞ்சின் பாகங்கள்... கோயமுத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகவே தெரியாது. பேச்சுதான் குஜராத்தி, டீயில்தான் சர்க்கரை கூட.

போன வருடம் ஒரு சின்ன யூனிட்டுக்கு ஸ்டாக் பார்க்கப் போயிருந்தேன. ஓனரை இங்கே 'பாய்' என்றே சொல்கிறேன். (நம்ம ஊரில் பாய் என்றால் வேறு அர்த்தம் வரும். குஜராத்தில் ஆணாகப் பிறந்த எல்லோருமே பாய்தான். என்னையும் பாய் ஆக்கிவிட்டார்கள்.) ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 'தயாரான பொருள், 1,200 பீஸ்' என்று இருந்தது. நேரில் பார்த்தால் அதில் 400-க்கு மேல் ஓரமாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பட்டை சிவப்பு பெயின்ட்.

"இது என்ன பாய்?"

"ரிஜெக்ட் சாஹேப். ஓட்டை இடம் மாறிப் போச்சு."

உள்ளங்கை அகல வட்டத் தகடு, நான்கு ஓட்டை. என் கண்ணுக்கு நல்ல பீஸும் கெட்ட பீஸும் ஒன்றுதான். ஆனால் வங்கி விதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. ரிஜெக்ட் ஆன சரக்கு இரும்புக் குப்பை விலைதான் போகும், அதை ஸ்டாக்கில் சேர்க்கக்கூடாது. கழித்துவிட்டு, மீதியில் 25 சதவீதம் மார்ஜின் பிடித்துக் கணக்குப் போட்டால் பாயின் 'டிராயிங் பவர்' அவர் ஏற்கனவே எடுத்திருந்த பணத்துக்குக் கீழே போய்விட்டது. இப்படியே 90 நாள் ஓடினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிற பட்டறை.

டிராயிங் என்றால் எங்களுக்குப் பணம் எடுப்பது, அவர்களுக்குப் படம். அன்றைக்கு அந்த இரண்டு டிராயிங்கும் ஒன்றை ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. பாயின் மேஜை மேல் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். கோடுகள், எண்கள், நடுவில் கட்டம் கட்டமாக ஒரு சின்னச் சட்டம். அதற்குள் ஒரு குறி, ஓர் எண், வட்டத்துக்குள் 'எம்' என்ற எழுத்து. நான் பி.காம். காலேஜ் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன் பாலிடெக்னிக் போய்விட்டு வந்தவன். மினி டிராஃப்டரும் என்.டி. பட் எழுதிய தடிப் புத்தகமும் வைத்திருப்பான். அதற்கு மேல் எனக்கும் என்ஜினியரிங் டிராயிங்குக்கும் சம்பந்தம் இல்லை. (அந்தப் புத்தகம் வெளிவருவது குஜராத்தின் ஆனந்த் ஊரிலிருந்து என்பது இங்கே வந்த பிறகுதான் தெரியும். எல்லோருக்கும் ஆனந்த் என்றால் அமுல்.)

400 பீஸைக் குப்பை என்று எழுதிவிட்டு வந்த மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு விஷயம். மனுஷன் மெஷின் செய்ய ஆரம்பித்த காலத்தில் இத்தனை எண்கள் படத்தில் கிடையாது. அளவு எல்லாம் கைக்குள் இருந்தது. ஒரு பாகத்தைச் செய்து, அதோடு சேர வேண்டிய இன்னொன்றை வைத்துப் பார்த்து, அரத்தால் ராவி ராவிப் பொருத்துவார்கள். அப்படிப் பொருத்துகிறவர்தான் ஃபிட்டர். பேரே அதனால் வந்ததுதான். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் பல வருடம் ஒழுங்காக ஓடாததற்கு ஒரு காரணம், சிலிண்டர் வட்டமாக அமையாமல் நீராவி கசிந்தது. 1775 வாக்கில் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் தன் துளை மெஷினில் சிலிண்டர் கடைந்து கொடுத்த பிறகுதான் விடிவு. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் எங்கே பார்த்தாலும் தப்பு ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் பெருமைப்பட்டு எழுதினார். கவனியுங்கள், அளவுகோல் ஒரு காசு! தப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை, தப்பு இவ்வளவுக்குள் என்றார். டாலரன்ஸ் என்கிற எண்ணம் அங்கேயே இருக்கிறது. அதை எண்ணாக எழுதத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அதே காலத்தில் பிரான்சில் ஒரு பையன். காஸ்பார் மோன்ஷ், 1746-ல் பிறந்தவர், அப்பா சாதாரண வியாபாரி. மெசியேர் ஊரில் ராணுவப் பொறியியல் பள்ளி இருந்தது. அதில் அதிகாரி ஆக உயர்குடிப் பிறப்பு வேண்டும். மோன்ஷுக்குக் கிடைத்தது படம் வரைகிற, மாதிரி செய்கிற பக்கத்து வேலை. ஒரு நாள் கோட்டை மதில் கணக்கு ஒன்று கொடுத்தார்கள். எதிரியின் குண்டு படாமல் மதில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது கேள்வி. வழக்கமாக எண்களை வைத்து நாள் கணக்கில் மல்லுக்கட்டும் வேலை. மோன்ஷ் கோடு போட்டே சீக்கிரம் முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று மேலதிகாரி முதலில் விடையைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம்.

மோன்ஷ் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கு நம்ம பிள்ளைகள் முதல் வருடத்தில் போடும் முன்பார்வை, மேல்பார்வை. ஒரு பொருளை இரண்டு தளத்தில் விழ வைத்து, அதிலிருந்து முழு உருவத்தையும் மீட்பது. ராணுவம் இதை ரகசியமாக வைத்துக்கொண்டது. புரட்சிக்குப் பிறகு 1795-ல்தான் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார், 1799-ல் புத்தகம் வந்தது. 1794-ல் தொடங்கிய எகோல் பாலிடெக்னிக்கில் இது முக்கியப் பாடம். அங்கே படித்த குளோடியஸ் குரோசே என்பவர் 1816-ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளிக்கு வாத்தியாராகப் போய் அங்கே இதைக் கற்றுக்கொடுத்தார். பிறப்பைக் காட்டி உள்ளே விடாத ஒரு பள்ளியில் பிறந்த பாடம், கரும்பலகை ஏறிக் கடல் தாண்டிப் போய்விட்டது.

மோன்ஷ் கொடுத்தது உருவம். எவ்வளவு தப்பலாம் என்பது அவர் படத்தில் இல்லை. அதற்கு வழி துப்பாக்கிப் பட்டறையிலிருந்து வந்தது. 1785-ல் பிரான்சுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங் என்ற துப்பாக்கி செய்பவரைப் பார்க்கப் போனார். பிளாங் ஐம்பது துப்பாக்கி விசைகளை உதிரி உதிரியாகப் பிரித்து வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில விசைகளைப் பூட்டிப் பார்த்தார். எதை எடுத்தாலும் பொருந்தியது. ஃபிட்டர் இல்லை, அரம் இல்லை. ஆச்சரியப்பட்டு ஊருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த வித்தை அமெரிக்க ஆயுதசாலைகளில் வளர்ந்தது, ஆனால் படத்தால் அல்ல, கேஜால். மாதிரித் துப்பாக்கி ஒன்று, அதற்கேற்ற இரும்பு அச்சுகள். அச்சுக்குள் பாகம் போக வேண்டிய இடத்தில் போக வேண்டும், போகக்கூடாத இடத்தில் போகக்கூடாது. பட்டறைகளில் இன்றும் இருக்கும் 'கோ, நோ-கோ' இதன் வாரிசுதான். படிக்கத் தெரியாதவரும் சோதிக்கலாம். சிக்கல் என்ன என்றால், துப்பாக்கி மாறினால் கேஜ் மொத்தமும் மாற வேண்டும்.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா ஊர்த் துப்பாக்கி ஆலையில் சி.இ. யோஹான்சன் என்றொருவர் இருந்தார். ஜெர்மனியில் மவுசர் ஆலைக்குப் போய்வரும் வழியில், ரயிலில் உட்கார்ந்து 1896-ல் ஒரு கணக்குப் போட்டார். வெவ்வேறு கனத்தில் 102 எஃகுக் கட்டைகள் இருந்தால், ஒன்றோடொன்று சேர்த்து 20,000 அளவுகளை உண்டாக்கலாம், நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில். வீட்டில் மனைவியின் தையல் மெஷினை மாற்றி அமைத்து அந்தக் கட்டைகளைத் தேய்த்தாராம். நம்ம பட்டறைகளில் 'ஸ்லிப் கேஜ்' என்று கண்ணாடி போல் மினுக்கிக்கொண்டு மரப்பெட்டியில் இருப்பது இதுதான். பிறகு அவர் ஹென்றி ஃபோர்டிடமே 1923-ல் வேலைக்குப் போனார். இனி எந்த ஊர்ப் பட்டறையும் ஒரே மில்லிமீட்டரைப் பேசலாம். அளவுக்குப் பக்கத்தில் 'கூட இவ்வளவு, குறைய இவ்வளவு' என்று எழுதினால் அதற்கு அர்த்தம் உண்டு.

சரி, எழுதிவிட்டால் போதுமா? இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினைப் பெரிய எண்ணிக்கையில் செய்ய பிரிட்டிஷ் ஃபோர்டைக் கூப்பிட்டார்கள். மான்செஸ்டர் பக்கத்தில் தொழிற்சாலை. ரோல்ஸ் ராய்ஸ் என்ஜினியர் ஸ்டான்லி ஹூக்கர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்: ஃபோர்டின் தலைமைப் பொறியாளர் உங்கள் படத்தை வைத்துச் செய்ய முடியாது என்றாராம். டாலரன்ஸ் கார்க் கம்பெனிக்கு ரொம்ப இறுக்கமாக இருக்கிறதோ என்று ஹூக்கர் நினைத்தார். பதில் நேர் எதிர். உங்கள் படம் ரொம்பத் தளர்வு, கார் எஞ்சினுக்கே நாங்கள் இதைவிடத் துல்லியமாகச் செய்கிறோம், எங்கள் ஆலையில் ராவிப் பொருத்த ஃபிட்டர்கள் கிடையாது என்றார்களாம். படங்களை எல்லாம் மறுபடி வரைந்தார்கள். அதற்கே ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குப் பிறகு அந்த ஆலையிலிருந்து 30,000-க்கு மேல் மெர்லின்கள் வந்தன.

ரோல்ஸ் ராய்ஸ் மோசமான கம்பெனியா? இல்லை. படத்தில் எழுதாததை அவர்களுடைய ஃபிட்டரின் கை அறிந்திருந்தது. அவ்வளவுதான். கை இல்லாத இடத்தில் காகிதம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

இனி பாயின் ஓட்டைக்கு வருவோம். அதற்கு இன்னொரு ஸ்டான்லி. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் அரசாங்க டார்பிடோ தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் போர்க் காலத்தில் ஒன்றைக் கவனித்தார். இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளிய பாகங்களைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தால் பேசாமல் பொருந்துகின்றன! நல்ல சரக்கு குப்பைக்குப் போகிறது, அதுவும் யுத்த சமயத்தில்.

காரணம் எளிது. ஓட்டையின் நடுப்புள்ளி இடவலமாக ±0.1, மேல்கீழாக ±0.1 என்று எழுதினால், அது இருக்கலாம் என்று அனுமதித்த இடம் ஒரு சதுரம். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 0.14 தூரம், பக்கமோ 0.1 தூரம்தான். மூலையில் 0.14 தள்ளி இருந்தால் பாஸ், நேர் பக்கவாட்டில் 0.12 தள்ளினால் ஃபெயில். போல்ட்டுக்கு மூலை ஏது, பக்கம் ஏது? மாட்டை முளையடித்துக் கயிற்றில் கட்டினால் அது வட்டமாகத்தான் மேயும். சதுரமாக மேய்கிற மாடு உண்டா? மூலை வரைக்கும் பரவாயில்லை என்றால் கயிறு அவ்வளவு நீளம், அந்த வட்டம் முழுக்கப் பரவாயில்லை. அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். ஒரு பைசா செலவில்லாமல், தரம் குறையாமல், கிடைக்கிற அனுமதி.

இன்னொன்று, அந்த வட்டத்துக்குள் 'எம்'. இதற்கு நம்ம வீட்டுத் தாழ்ப்பாளே போதும். மழைக்காலத்தில் கதவு ஊறிக் கொஞ்சம் இறங்கிவிடும். நிலையில் ஓட்டை சரியான அளவில் இருந்தால் தாழ்ப்பாள் விழாது, ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் விழும். ஓட்டை பெரிதாக ஆக, இடம் தப்புவதற்குக் கூடுதல் சலுகை. 'எம்' எழுதியிருந்தால் அந்தச் சலுகையை எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

பார்க்கர் இதை 1940-ல் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். போர் முடிந்து 1949-ல் அமெரிக்க ராணுவத் தரம், 1957-ல் ஒய் 14.5 என்ற அமெரிக்கத் தரம், 1969-ல் ஐ.எஸ்.ஓ. 1101 என்று இந்தக் குறிகள் ஒரு மொழியாகவே ஆகிவிட்டன. ஒய் 14.5 பல முறை திருத்தப்பட்டு 2018 பதிப்பு வரை வந்திருக்கிறது. இந்த மொழி தெரியும் என்று சான்று வாங்க அமெரிக்காவில் பரீட்சையே உண்டு.

நம்ம நாட்டில்? 1947-ல் இந்தியத் தரநிலை நிறுவனம் தொடங்கியது. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து, அங்குலத்தில் பழகிய பட்டறைகள் மில்லிமீட்டருக்கு மாறின. 1959-ல் தலச்சேரி நெட்டூரில் என்.டி.டி.எஃப்., 1968-ல் ஹைதராபாத்தில் மத்திய டூல் டிசைன் நிறுவனம் என்று பயிற்சிக்கூடங்கள் வந்தன. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருடப் படிப்பு. பள்ளி, கல்லூரிகளுக்கு என்றே எஸ்.பி. 46 என்ற வழிகாட்டி 1988-ல் வந்தது. அதன்படி நாம் படிப்பது முதல் கோணப் படம். அமெரிக்க ஆர்டர் வந்தால் படம் மூன்றாம் கோணம், வலது இடதாக நிற்கும். ஓரத்தில் போட்டிருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் மெஷினை ஓட்டினால், முடிந்தது.

பாய் பட்டறைக்குத் திரும்புவோம். அவருக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனி, சப்ளை செய்பவர்கள் தங்கள் ஆள் ஒருவரை அகமதாபாத்தில் ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தது. பாய் புலம்பினார். ஃபீஸ் தண்டம், ஐந்து நாள் வேலை தண்டம், பஸ் சார்ஜ் வேறு. இருக்கிற நிலைமையில் இது வேறா என்றார். கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் டிப்ளமா பையனை அனுப்பினார். வாத்தியார் டூல் ரூமில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

பையன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சிவப்புக் குவியலிடம் போனான். படத்தில் இருந்தது, விட்டம் 0.3-க்குள் இட அனுமதி, கூடவே 'எம்'. ஓட்டை 10.0 முதல் 10.2 வரை இருக்கலாம். பட்டறையில் யாரோ எப்போதோ இதை 'சுமாராக ±0.1' என்று செக் லிஸ்டில் மாற்றி எழுதி, அதுவே வேதமாகிவிட்டது. ஒரு பீஸ் இடவலம் 0.12, மேல்கீழ் 0.05 தள்ளி இருந்தது. செக் லிஸ்ட் படி ஃபெயில். பையன் எனக்கே பேப்பரில் போட்டுக் காட்டினான். பித்தாகரஸ் கணக்கில் நடுவிலிருந்து தூரம் 0.13, விட்டமாகச் சொன்னால் 0.26, அனுமதி 0.3. பாஸ்! இன்னொன்று 0.15, 0.12 தள்ளி இருந்தது. விட்டமாக 0.38 வருகிறது, ஃபெயில் போலத் தெரியும். ஆனால் ஓட்டை 10.12 இருந்தது, அதனால் சலுகை 0.12 கூடி அனுமதி 0.42. அதுவும் பாஸ்!

கம்பெனி ஆள் நான்கு ஊசி வைத்த தகடு ஒன்றை எடுத்துவந்தார். 9.7 மில்லிமீட்டர் ஊசிகள், இருக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக நின்றன. நான்கும் நான்கு ஓட்டையில் ஒன்றாக இறங்கினால் இடம் சரி. பிளாங் காலத்து வித்தையேதான். ஓட்டை அளவைப் பிளக் கேஜில் தனியாகப் பார்த்தார்கள். குவியலில் பாதிக்கு மேல் தேறியது. மீதி நிஜமாகவே குப்பை, அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தேறியது போதும் பாயின் கணக்கை 90 நாளுக்குள் கரையேற்ற. அந்த இரண்டு மாதமும் பன்னிரண்டு பேருக்கும் பாதிச் சம்பளம் என்பதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த 400 பீஸிலும் பாதி முதல் நாளிலிருந்தே நல்ல பீஸ்தான். அவற்றைக் குப்பை ஆக்கியது மெஷின் இல்லை, படிக்கத் தெரியாத கண். ஃபிட்டரின் கையில் இருந்த அறிவு இருநூறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்துக்கு மாறியிருக்கிறது. மாறிய ஒவ்வொரு முறையும் அதைப் படிக்க யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மோன்ஷும் குரோசேயும் செய்தது அது, அகமதாபாத்தில் அந்த ரிட்டயர்ட் வாத்தியார் செய்ததும் அதுதான்.

எங்கள் கடன் விண்ணப்பத்தில் மெஷினுக்கு வரி இருக்கிறது, ஷெட்டுக்கு, மின் இணைப்புக்கு, ஜெனரேட்டருக்குக்கூட இருக்கிறது. பயிற்சிக்கு ஒரு வரி கிடையாது. முப்பது லட்சம் ரூபாய் மெஷினுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டேஷன் கேட்கிறோம், அந்த மெஷின் முன்னால் நிற்கிறவனுக்குப் படம் படிக்கத் தெரியுமா என்று நான் இருபது வருட சர்வீசில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். போன மாதம் ஒரு புது ப்ரபோசலில் 'இதர செலவுகள்' கீழே இரண்டு பேருக்கு ஐந்து நாள் வகுப்பு என்று ஓனரை எழுத வைத்தேன். இது என்ன செலவு என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது. சிவப்புக் குவியல் கதையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பார்ப்போம்.

பி.கு.: எழுதியவன் காமர்ஸ்காரன். என்ஜினியர் நண்பர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள். கொஞ்சம் டாலரன்ஸும் கொடுங்கள், சதுரமாக வேண்டாம், வட்டமாகவே இருக்கட்டும் :-)